பத்தாயிரம் அடிக்குக் கீழே

"சின்னப் பொண்ணு, பாக் வார்தோயோ. அடுத்த மாசம் கல்யாணம். மனசு பூரா விருந்துலயும் ரெந்தாங் கறியிலயும் கிடக்கு. பாத்து மன்னிச்சு விட்டுடுங்க."

கேப்டன் ஹராஹாப் குரல் தழுதழுக்கச் சொன்னார். மன்னிக்கச் சொல்லியே ஒருத்தரை மாட்டிவிடுவது அவருக்குக் கைவந்த கலை.

ஜகார்த்தாவில் விசாரணை. எதிரே அதிகாரி வார்தோயோ. 'பாக்' என்றால் அந்த ஊரில் 'ஐயா' மாதிரி. கேப்டனுக்குப் பக்கத்து நாற்காலியில் துணை விமானி ரெஸ்தி. அன்றைய தினம் விமானத்திலும் அவள் இடம் அதுதான்.

நடந்தது இதுதான். சுமத்ராவில் ஊருக்கு வெளியே இருக்கும் புது விமான நிலையத்தில் இறங்க வேண்டிய விமானம், ஊருக்கு நடுவே மூடிக் கிடக்கும் பழைய நிலையத்தில் போய் இறங்கிவிட்டது. இரண்டு ஓடுபாதையும் ஒரே திசையில் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. பயணிகளில் பாதிப் பேருக்கு ஏக சந்தோஷம். வீட்டுக்கு டாக்ஸி செலவு மிச்சம். விமானம் நின்ற இடத்துக்கும் சந்தைச் சுவருக்கும் நடுவே ஒரு லாரிதான் நிற்க முடியும் என்பது அவர்களுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

"கேப்டன், நீங்க கம்பெனியோட பாதுகாப்புப் பயிற்சியாளர். உங்களுக்கே பழைய ஓடுபாதைன்னு தெரியலையா?"

"தெரியாம இருக்குமா பாக்? காதுகிட்ட ஒருத்தி தொணதொணன்னு பேசிட்டே வந்தா எந்த விமானிக்குத்தான் கவனம் நிக்கும்? பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துட்டா வேலையைத் தவிர வேற பேச்சு கூடாது. அந்த விதியைக் கம்பெனியில சொல்லித் தர்றவனே நான்தான். தங்கச்சி மாதிரியாச்சேன்னு பொறுத்துக்கிட்டேன். 'அதோ ஓடுபாதை'ன்னு கையைக் காட்டினா. நம்பி இறக்கிட்டேன்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றாள் ரெஸ்தி.

"பாத்தீங்களா? இங்கயும் குறுக்கே பேச்சு."

வார்தோயோ அவள் பக்கம் திரும்பினார். "கேப்டன் சொல்றது உறுதியாச்சுன்னா உங்க லைசென்ஸ் போயிடும்மா. மறுபடி பறக்க முடியாது. தெரியுமில்ல?"

"தெரியும், பாக்."

கேப்டன் 'த்சு த்சு' என்றார். மனுஷனுக்கு அவ்வளவு இளகிய மனசு.

"அது இருக்கட்டும், பயணிகள் எல்லாரும் உங்களை வாயாரப் புகழ்றாங்க கேப்டன். படிக்கட்டு வண்டி அங்க வந்து சேர மூணு மணி நேரம் ஆச்சாமே. அதுவரைக்கும் மின்சாரத்தை நிறுத்தாம ஏசியை ஓட விட்டீங்களாம். நீங்களே எழுந்து போய் எல்லாருக்கும் தண்ணி குடுத்தீங்களாம்."

"குழந்தை குட்டிங்க இருக்காங்க, பாக். வெந்து போயிடுவாங்களே."

பயணிகளின் வியர்வை மேல் அவருக்கு இருந்த அக்கறைக்குக் காரணம் உண்டு. விமானிகள் அறையில் பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் பெட்டி ஒன்று இருக்கிறது. கடைசி இரண்டு மணி நேரப் பேச்சை மட்டும்தான் அது வைத்துக்கொள்ளும். மின்சாரம் ஓட ஓட, பழையதை அழித்துப் புதியதைப் பதிந்துகொண்டே போகும். அதனால் ஏதாவது ஏடாகூடமாகி இறங்கினால், உடனே அந்தப் பெட்டியின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது விதி. வருஷக்கணக்காக வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்த கேப்டனுக்கு அன்றைக்குப் பார்த்து மறந்துபோயிற்று. மூன்று மணி நேரம் ஏசி ஓடினால், பெட்டியில் மிஞ்சுவது பேச்சில்லாத அறையின் உறுமல்தான்.

அந்தத் தெம்பில் கேப்டன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான், பாக். அந்தப் பேச்சுப் பதிவு இருந்திருந்தா, யார் என்ன பேசினாங்கன்னு நீங்களே காதாரக் கேட்டிருக்கலாம். பாவம், ஏசி ஓடினதுல அழிஞ்சு போயிருக்கும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றார் வார்தோயோ. "நீங்க தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வெளியே போன கையோட, இந்தம்மா பெட்டியோட இணைப்பைத் துண்டிச்சிருக்காங்க. ஏன்னு கேட்டேன். உங்க வகுப்புல கத்துக்கிட்டதாம்."

கேப்டனின் முதுகு நாற்காலியை விட்டு மெல்ல நிமிர்ந்தது.

வார்தோயோ மேஜையில் இருந்த கருவியின் பொத்தானை அழுத்தினார். இரைச்சலுக்கு நடுவே முதலில் ரெஸ்தியின் குரல்.

"கேப்டன், இது நம்ம ஓடுபாதை இல்லை. மேலே ஏறிடலாம். கேப்டன்! தயவுசெஞ்சு கேளுங்க..."

அடுத்து, அறையே அதிரும்படி கேப்டனின் குரல்.

"வாயை மூடு! இறங்குற நேரத்துல பேசினா கவனம் எப்படிச் சிதறும்னு எவ்வளவு நேரமா உனக்குப் பாடம் நடத்திட்டு வர்றேன்... நடுவுல நடுவுல ஓடுபாதை, ஓடுபாதைன்னுட்டு!"