ஜேபஸின் பச்சைப் பட்டுத்துணி

"நீராவி எஞ்சினைப் படைச்சவன் மனுஷன். படைச்சவனே அதுக்குப் பயந்தா உலகம் தலைகீழாயிடும்" என்று ஓட்ஸ் ரொட்டியை மென்றபடி அறிவிக்கிறான் ஜேபஸ். அவன் மென்று முடிக்கும்வரை உலகம் நேராகவே நிற்கிறது. இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் நெசவாலையில் காலைச் சாப்பாட்டு நேரம், எஞ்சின் ஓய்ந்திருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்தில் பஞ்சுத் தூசி அசையாமல் தொங்குகிறது. ஜேபஸ் கழுத்தில் கட்டியிருக்கும் புதுப் பச்சைப் பட்டுத்துணியின் நுனிகள் நெஞ்சில் ஆடுகின்றன. பக்கத்துத் தறிக்காரி டாபிதா பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் திணிக்கிறாள், தொங்கும் நாடாக்களை இடுப்பில் செருகுகிறாள். "என்னக்கா, மூட்டை கட்டறே? ஊருக்குப் போறியா?" என்று சிரிக்கிறான் ஜேபஸ். "சிரிடா, சிரி. நேத்து மார்த்தாவும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா, மேல சுத்துற தண்டு அவ முடியைப் பிடிக்கிற வரைக்கும்." மார்த்தாவின் தறியடியில் கழுவிவிட்ட ஈரம் இன்னும் காயவில்லை, அதன்மேல் புதியவள் ஒருத்தி நிற்கிறாள். மணி அடிக்கிறது. தரை நடுங்குகிறது. கூரையை ஒட்டிய நீண்ட இரும்புத் தண்டு சுழலத் தொடங்க, அதிலிருந்து தோல் வார்கள் தறிகளுக்கு இறங்கி ஓடுகின்றன. இந்த இரைச்சலில் இங்கே யாரும் காதால் கேட்பதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. டாபிதாவின் உதடுகள் அசைகின்றன: "மேல பாரு, தம்பி." பார்க்கிறான். யாரும் ஏணி வைத்து எடுக்காத ஒரு கொத்துச் செம்பட்டை முடி, தண்டோடு சுற்றிச் சுற்றி அவன் தலைக்கு மேலே வருகிறது. ஜேபஸ் அறுந்த நூலைத் தேடுகிறவன்போல் முதுகைத் திருப்பிக்கொண்டு, பட்டுத்துணியின் நுனிகளை ஒவ்வொன்றாகச் சட்டைக்குள் திணித்து, கழுத்துப் பொத்தானையும் போடுகிறான்.