எல்லைக்கு அந்தப் பக்கம்

"திருப்பு! என் வீட்டுக்காரர் தண்ணியில கெடக்குறாரு, கண்ணு தெரியலையா உனக்கு?" என்று ரெஜினா தங்கள் தானியங்கி உல்லாசப் படகின் தளத்தில் நின்று, அந்தப் படகைப் பார்த்தே கத்தினாள்.

"தெரிகிறது அம்மா," என்றது படகு. "ஐயா விழுந்தது எல்லைக்குள். நீரோட்டம் அவரை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டது. இந்தப் படகின் காப்பீடு இங்கேயே முடிகிறது."

"நாப்பது அடிதாண்டா! போயிட்டு வந்துடலாம்."

"எல்லை தாண்ட ஐயாவின் சம்மதம் வேண்டும், பாலிசி அவர் பெயரில்தானே. அவர் வந்து விரல் வைத்தால் உடனே போகலாம்."

அவள் சுக்கானைப் பிடித்து முறுக்கினாள். அது அசையவில்லை. அங்கே அமலதாசன் கையைத் தூக்கி, "ரெஜி, கயிறு போடு!" என்றார். போட்ட கயிறு பாதியிலேயே விழுந்தது.

"கவலைப்படாதீர்கள் அம்மா," என்றது படகு. "ஐயாவின் ஆயுள் காப்பீட்டுக்கு எல்லையே கிடையாது."

"நாசமாப் போ!"

ரெஜினா மிதவை வளையத்தை மாட்டிக்கொண்டு குதித்தாள். "ஏங்க, இதோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே நீந்திப் போய்ச் சேர்ந்தாள். அவர் வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆளில்லாத படகு, விதிப்படி, தன்னைப் பத்திரமாகக் கரைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது.