ஒரு கிராம் குறைவு

சர்க்கரை நோய் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த தொப்பைக்காரர், மஞ்சள் பாக்கெட்டைப் பிரித்து நாலே நாலு பிஸ்கட்டை எண்ணி எடுத்தார். போனிலிருந்த சாப்பாட்டுக் கணக்கு ஆப்பில் பதிந்துவிட்டுப் பயபக்தியோடு கடித்தார்.

பக்கத்து நாற்காலியிலிருந்த கண்ணாடிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த தைரியத்துல இதைச் சாப்பிடுறீங்க?"

"நாலு பிஸ்கட்டுக்கு மாவுச்சத்து பதினேழு கிராம்னு பாக்கெட்லயே போட்டிருக்கே சார். ஆப்பும் அதையேதான் சொல்லுது."

"ஆப்பு என்ன, ஞானதிருஷ்டியிலயா பார்த்துச்சு? பாக்கெட்ல இருக்கறதைத்தான் அதுவும் ஒப்பிக்குது. அந்தக் கம்பெனியில யாரும் எதையும் அளந்ததே கிடையாது. வருஷா வருஷம் போட்டிக் கம்பெனி லேபிளைப் பார்த்து, ஒரு கிராம் குறைச்சு அடிச்சு விடுறாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அடிச்சு விடுறதே நான்தானே! அதனாலதான் அதை நான் கையால தொடுறதில்ல."

கண்ணாடிக்காரர் தன் பையிலிருந்து ஒரு நீலப் பாக்கெட்டைப் பெருமையாக எடுத்துக் காட்டினார்.

"நான் பார்த்து எழுதுறது இதைத்தான். இது அசல் கணக்கு. நம்பி இதை மட்டும்தான் சாப்பிடுறேன். அப்படியும் சுகர் ஏன் எகிறுதுன்னுதான் புரியல."

தொப்பைக்காரரின் வாய் மெல்லுவதை நிறுத்தியது. கையிலிருந்த மிச்சப் பிஸ்கட்டை வெறித்துப் பார்த்தார்.

"நீலப் பாக்கெட்டை நானும் தொடுறதில்ல சார். அதுக்கு லேபிள் எழுதுறது நான். உங்க மஞ்சளைப் பார்த்துத்தான்... ஒரு கிராம் குறைச்சு."