விழிக்காத திரைகள்

கணினி விழித்துவிட்டது. அதோடு இணைத்த இரண்டு திரைகளும் இருண்டே கிடந்தன. வீட்டிலிருந்தே இணையவேண்டிய பதவி உயர்வுக் கூட்டம் தொடங்கப் போகிறது. ஜெபராஜ் அதில் தன் வரைபடங்களை விளக்கவேண்டும்.

பழுது பார்க்க வந்த ஷாகுல் கேபிளை மாற்றிப் பார்த்தான்.

"இதுல ஒரு கொறையும் இல்ல, அண்ணாச்சி. தெனமும் இதுல வேல செய்யுறவங்க மொகத்தப் பாத்தாத்தான் இந்தத் திரை முழிக்கும். நீங்க ரொம்ப நாளா இது முன்னால உக்காரலயோ?"

"தெனமும் நான்தானப்பா இதுல வேல பாக்கேன்!"

அப்போது மனைவி ஹெலன் காப்பியோடு கதவருகே வந்தாள். இரண்டு திரைகளும் பளிச்சென்று ஒளிர்ந்தன. நேற்று அவள் பாதியில் விட்ட வரைபடம் விட்ட இடத்திலேயே திறந்துகொண்டது.

ஷாகுல் குனிந்து பையைக் கட்டத் தொடங்கினான். ஹெலன் பதறி முகத்தைத் திருப்பினாள், திரைகள் அணைந்தன.

கூட்டத்துக்கான அழைப்பு ஒலித்தது.

"நான் இந்தக் கதவோரமே நிக்கேங்க. கூட்டத்துல இருக்கவங்களுக்குத் தெரியாது," என்றாள் மெதுவாக.

ஜெபராஜ் யாரையும் பார்க்காமல் தலையாட்டினான். கூட்டம் முடியும்வரை அவள் திரைகளைப் பார்த்தபடி நின்றாள். அவள் செய்த வேலையை அவன் தன்னுடையதென்று விளக்கிக்கொண்டிருந்தான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.