வலன்ரைன் கண்ட ஒளிவட்டம்

மேபலுக்குக் காலையிலேயே பொறுமை போய்விட்டது. முன்னறையில் மறுபடியும் ஏழு பேர்.

"வலன்ரைன் அண்ணே, என் தலையைச் சுத்தி ஏதாச்சும் தெரியுதா?"

கதிரையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த அவள் கணவர் உதட்டைப் பிதுக்கினார்.

தாறுமாறாகத் துடித்த இதயத்துக்கு எட்டு மாதமாகக் குளிசை போடுகிற மனிதர். மூன்று வாரத்துக்கு முன், பக்கத்து வீட்டு ஷிராணியின் மருமகள் தர்ஷினியின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது, மாதா படத்தில் இருப்பது போலவே இருக்கிறது என்று வாயை விட்டார். அன்றிலிருந்து ஹந்தானை ஊரே இவர் வாசலில்தான் கிடக்கிறது.

"தேத்தண்ணி ஊத்தி ஊத்தி என் கை ஓஞ்சு போச்சு. எழும்புங்க, டொக்டர்கிட்டப் போவோம்!"

கண்டியில் டொக்டர் இராஜரத்தினம் பொறுமையாகக் கேட்டார்.

"ஓம் அம்மா, இது குளிசையின்ர பக்கவிளைவுதான். மருந்து கண்ணில மெல்லிசாப் படியும். லைட்டைச் சுத்தி வட்டம் தெரியும். ஆனா நீங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ. கண் டொக்டருக்குக் கடிதம் தாறன்."

பஸ்ஸில் ஏறியதும் மேபல் வெடித்தாள்.

"கேட்டீங்கல்ல? வீட்டுக்குப் போனதும் மொத வேலையா ஷிராணிகிட்டச் சொல்லிர்றேன். பாவம், அவ அதை நம்பி மருமகளைத் தாங்கு தாங்குன்னு தாங்குறா!"

"வேணாம் மேபல்."

"ஏன் வேணாம்?"

"குளிசை தரும்போதே கிளினிக்ல சொன்னாங்க, இப்படித் தெரியலாம்னு."

"தெரிஞ்சுக்கிட்டா இந்தக் கூத்து? மானம் போகுது எனக்கு!"

வலன்ரைன் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு லைட்டைச் சுத்தித்தான் வட்டம் தெரியும். மனுசங்களைச் சுத்தி ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு ஷிராணி, 'பொட்டு வச்ச சைவக்காரி என் வேதக்கார வீட்டுக்கு ஆகாது, புசல்லாவைக்கே ஒன் அம்மா வீட்டுக்குப் போ'ன்னு அந்தப் புள்ளைய வெளியில தள்ளிக் கதவைச் சாத்தினா. ஏழு மாசக் கர்ப்பிணி. அவ புருசன் றொட்னி கொழும்புல வேலையில. நான் வேற எதைச் சொல்லியிருந்தாலும் ஷிராணி கேட்டிருப்பாளா?"

பஸ் நின்றதும் மேபல் முதல் ஆளாக இறங்கி வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

வாசலிலேயே ஷிராணி காத்திருந்தாள். பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தர்ஷினி, முகத்தில் பயத்தோடு.

"மேபல் அக்கா, டொக்டர் என்ன சொன்னாரு? அந்த வட்டம் உண்மைதானா?"

மேபல் எரிச்சலோடு செருப்பை உதறினாள். தர்ஷினியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"டொக்டர் கெடக்குறாரு. இப்ப எனக்கும்ல தெரியுது!"