ஜன்னலோரத்துக்காரி

ரயில் ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்க்கும் கணவன், காலையிலேயே போனில் உருகிக்கொண்டிருந்தான்.

"அவளை ஜன்னல் ஓரமாவே உட்கார வைங்க. முன்னே மாதிரி கழுத்துல பிடிச்சுக்கப் போகுது. நான் வர்ற வரைக்கும் வேற யாரும் தொடக்கூடாது."

அடுப்படியிலிருந்து கேட்ட மனைவி கரண்டியை வீசிப் போட்டாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் தன் கழுத்துக்கு ஒருநாள் தைலம் தேய்த்துவிட்டவனில்லை. போன வாரம் அவளுடைய நீலச் சுடிதார் எங்கே என்று கேட்டபோதும், "ஆபீஸ்ல ஒருத்திக்குக் கொடுத்தேன். உன் அளவுதான்" என்று கூசாமல் சொன்னான்.

இன்று விடுவதாயில்லை. லீவு போட்டுவிட்டு மையத்தின் வாசலுக்குப் போய், காவலாளியிடம் கணவனின் பெயரைச் சொன்னாள்.

"அவர் பெண்டாட்டி நான். அந்த ஜன்னலோரத்துக்காரியைப் பார்க்கணும்."

காவலாளி சிரித்தார். "வர்றவங்க எல்லாரும் அவளைத்தான் கேக்கறாங்க. வாங்கம்மா."

உள்ளே பாதி ரயில் பெட்டி. ஜன்னல் ஓரத்தில், நீலச் சுடிதாரில் ஒரு ரப்பர் பொம்மை.

"இவளா?"

பெட்டியருகே நின்ற கணவன் அசடு வழிந்தான். "இத்தனை வருஷமா ஆம்பளை பொம்மையை மட்டும்தான் உட்கார வச்சு, விபத்துச் சோதனைக்காக ரயிலை மோதவிட்டாங்க. சண்டை போட்டு இவளைச் செய்ய வச்சேன். உன் உயரம், உன் எடை. நீ தினமும் வேலைக்கு ரயில்ல போறப்போ உட்கார்ற சீட்."

பொம்மையின் கழுத்தில் நாலு ஒட்டு தெரிந்தது.

"இது?"

"நாலு தடவை செத்துட்டா." அவன் குரல் இறங்கியது. "ஒவ்வொரு தடவையும் சீட்டை மாத்தி அமைச்சோம். நேத்துதான் பிழைச்சா."

அவள் பொம்மையின் சுடிதாரில் கிழிந்திருந்த கையை இழுத்துச் சரிசெய்தாள்.

"பச்சைச் சுடிதாரும் இருக்கு. நாளைக்கு இவளுக்கு எடுத்துட்டு வாங்க."