நாலு ஆள் கணக்கு

“பொண்ணு மார்க் விஷயமா ப்ரொபசரப் பாக்கணும்” என்று வாட்ச்மேனிடம் புளுகிவிட்டுக் கல்லூரிக்குள் நுழைந்தார் அப்பாவு. மகள் பூமிகா இங்கே படிப்பது என்னவோ நிஜம்தான். ஆனால் அவர் வந்தது ஒருவனுடைய பல்லைப் பேர்க்க.

பின்னாலேயே மச்சினன் சின்னதுரை வந்தான். பஸ்ஸில் வந்த வழியெல்லாம் அவன் வாய் ஓயவில்லை.

“இன்னா மாமா, காலு பின்னுது? உள்ள இருக்கறவன் உன்னப் பாத்ததும் ‘வாங்க அப்பாவு’ன்னு கூப்ட்ருவான்னு பயமா?”

“வாய மூட்றா.”

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு வார்ப்பட ஆலை. அதில் மூன்றாம் நம்பர் லைனில் இவர்களோடு சேர்த்து நாலு பேர்; உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றி இறக்குகிற வேலை. இன்று காலை ஷிப்டுக்குப் போனால், மூன்று பேரைக் கேட்டிலேயே நிறுத்தி “இனிமே வர வேணாம்” என்றுவிட்டார்கள். அப்பாவு ஒருத்தருக்கு மட்டும் கேட் திறந்தது.

போதாதா? மூன்று பேரும் அவர் காலடியில் காறித் துப்பினார்கள். “ஒரே ஆளு போதும்னு ஜெரால்டுன்னு ஒரு காலேஜ் ப்ரொபசர் கணக்கு அனுப்பிச்சாரு” என்று மேனேஜர் சொன்னதை ஒருத்தனும் நம்பவில்லை. உள் ஆள் வாயைத் திறக்காமல் லைன் சங்கதி வெளி ஆளுக்கு எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான். அப்பாவுவும் வேலைக்குள் போகாமல் சின்னதுரையை இழுத்துக்கொண்டு நேரே மேனேஜர் சொன்ன இந்தக் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

“ரெண்டு கரண்டி கறிக்கொழம்பு உள்ள போனா போதும், நீ பீத்திக்க ஆரம்பிச்சிடுவ. அதே மாதிரி மேனேஜரான்ட போயி பீத்திக்கினியா?” என்றான் சின்னதுரை.

“ஊட்டுக்குள்ள ஆயிரம் பேசுவேன்டா. வெளிய ஒரு வார்த்த உட்டிருந்தா என் நாக்கு அழுவிப் பூடும்!”

“அத அந்தாளு வாயால கேக்கறேன். உன் பேரு மட்டும் வந்துச்சு, எனக்கு அக்காவும் இல்ல, மாமனும் இல்ல. என் சாவுக்குக்கூட நீங்க வரக் கூடாது.”

கெஞ்சிக் கூத்தாடி இவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அப்பாவுதான். 

ஜெரால்ட் தன் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தி, “யாரு நீங்க? பர்மிஷன் இல்லாம உள்ள வர்றீங்க?” என்றார்.

“மூணு குடும்பத்துச் சோத்துல மண்ணப் போட்டுட்டு பர்மிஷனா கேக்கற?” அப்பாவு மேஜையை ஓங்கி அறைந்தார். சிவப்புப் பேனா உருண்டு தரையில் விழுந்தது. “எங்க லைனப் பத்தி உனக்குச் சொன்னது எவன்? அப்பாவுன்றவனா? இதோ, இவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!”

“அப்பாவுன்னு எனக்கு யாரையும் தெரியாது.”

“கேட்டுக்கினியா? நல்லா காதத் தொறந்து கேட்டுக்கோ!” அப்பாவு சின்னதுரை பக்கம் திரும்பினார். சின்னதுரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

ஜெரால்ட் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். “கைய ஓங்காதீங்க. அந்தக் கம்பெனில ஒரு கேள்வி கேட்டாங்க. பேர மறைச்சு, ‘ஓர் இரும்பு வார்ப்பட ஆலையின் ஒரு லைனில் நாலு பேர் வேலை செய்கிறார்கள், எத்தனை பேர் போதும்?’னு பசங்களுக்கு வீட்டுப்பாடமா குடுத்தேன். எல்லாரும் நாலு பேரும் வேணும்னு எழுதினாங்க. ஒரே ஒரு ஆன்சர்ல மட்டும் ஒருத்தர் போதும்னு இருந்துச்சு. இரும்பு ஆறுற நேரத்துல எந்த வேலைய முடிக்கலாம்னு நிமிஷக் கணக்கோட. நூத்துக்கு நூறு போட்டு, அத அனுப்பினேன். அவ்ளோதான்.”

“எங்க வயித்துல அடிக்கறது உங்களுக்கு வீட்டுப்பாடமா?” என்று சீறினான் சின்னதுரை.

“எவன் அது? கூப்புடு அவன!” அப்பாவு கத்தினார். “எந்த உலைக்கு முன்னால நின்னு வெந்தான்னு நா கேக்கறேன். ஒரு நாளு நின்னிருந்தா ஒருத்தன் போதும்னு எழுதுவானா, படுபாவி?”

ஆளைக் காட்டாமல் இவர்கள் நகர மாட்டார்கள் என்று ஜெரால்டுக்குப் புரிந்துவிட்டது. பியூனைக் கூப்பிட்டு அவன் காதில் பேரைச் சொல்லி அனுப்பினார்.

காத்திருந்தபோது சின்னதுரை மெல்ல அப்பாவுவின் தோளைத் தொட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

“மன்னிச்சிக்க மாமா. உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன் பாரு. நா மனுசனே இல்ல.”

“உடுறா. அவன் வரட்டும். மொத அடி என்னுது.” அப்பாவு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

கதவு திறந்ததும் அப்பாவு கையை ஓங்கினார். வாசலில் பூமிகா.

“நைனா! மாமா, நீயுமா? ரெண்டு பேரும் வேலைக்குப் போலியா?”

அப்பாவுவின் ஓங்கிய கை அப்படியே நின்றது. ஜெரால்ட் முந்திக்கொண்டார். “பூமிகா, ஒருத்தர் போதும்னு நீ எழுதினத இவங்க நம்ப மாட்டேங்கறாங்க. உனக்கு எப்படித் தெரியும்னு நீயே சொல்லிடு.”

அவள் அப்பனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள்.

“இன்னா நைனா, ‘நாலு ஆளு வேலையும் நா ஒருத்தனே பாக்கறேன், மத்த மூணும் தண்டம்’னு நீதான சொன்ன?”